நீல மரமும் மூன்று தூர் நாணலும்

என் கணவன் ஃபோல்க்மார் கட்டம் போட்ட காகிதத்தைக் கையில் எடுத்தாலே அன்றைக்கு ஒரு சண்டை நிச்சயம். முப்பத்தைந்து வருடம் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றபின் அளக்க நிலம் இல்லை என்பதால் கண்ணில் பட்டதையெல்லாம் அளக்கிறான். அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தோட்டக் குடிலில் நான் பிளம் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தபோது, அவன் காகிதத்தின் நடுவில் அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தான். இடது பக்கம் ‘மரம்’ என்று எழுதினான். வலது பக்கம் ‘புல்’ என்று எழுதினான்.

“புல் இல்ல. சீன நாணல்” என்றேன்.

“நாணலும் புல்லுதான்.”

“எழுதறதே எழுதற, கொஞ்சம் மரியாதையா எழுதேன்.”

அவன் எழுதியதை அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. கல்யாணமாகி முப்பத்தாறு வருடமாகிறது, என் கணவனைக் கட்டிய கையாலேயே அடிக்கத் தோன்றிய நாட்களை எண்ணினால் அந்தக் கட்டக் காகிதம் போதாது.

விஷயம் இதுதான். லைப்சிக்கில் ரயில் பாதையை ஒட்டினாற்போல் எங்கள் தோட்டச் சங்கம். நூற்றுப் பன்னிரண்டு சிறு தோட்டங்கள். நாற்பத்தேழாம் எண் எங்களுடையது. குத்தகை நிலம், அதனால் விதிகளுக்குக் குறைவில்லை. மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் காயோ பழமோ விளைய வேண்டும். வேலி இடுப்பைத் தாண்டக் கூடாது. மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை ஒருவர் குரல்கூட அடுத்த தோட்டத்துக்குக் கேட்கக் கூடாது. ஊசியிலை மரம் கூடவே கூடாது. எங்கள் தெற்கு மூலையில் நிற்பதோ ஊசியிலை மரம், நீல ஊசியிலை மரம், பதிமூன்று மீட்டர் உயரம். பெர்லினிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் பெட்டியை இறக்க ஆரம்பிப்பார்கள்.

பழைய தலைவர் இருந்தவரை பிரச்சினை வரவில்லை. வருடாந்தர ஆய்வு நாளில் அவர் அந்த மரத்தடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஃபோல்க்மார் ஊற்றிக் கொடுக்கும் பிளம் சாராயத்தைக் குடித்துவிட்டு, “மரமா? எந்த மரம்?” என்று கண்ணடித்துவிட்டுப் போவார். அவர் போய்ச் சேர்ந்தார். புதுத் தலைவர் பெட்ஸோல்ட் சாராயம் குடிக்காதவர். செப்டம்பரில் மடக்கு அளவுகோலோடு வந்தார், மரத்தை அண்ணாந்து பார்த்தார், அவர் தொப்பி கீழே விழுந்தது. பத்து நாளில் கடிதம் வந்தது. பிப்ரவரி முடிவதற்குள் மரத்தை எடுக்காவிட்டால் குத்தகை ரத்து. மார்ச்சில் பறவைகள் கூடு கட்ட ஆரம்பித்துவிடும், அதற்குப்பின் கோடரி வைக்கக் கூடாது, ஆகவே தவணை கிடையாது.

எங்களுக்கு நகரத்தில் மூன்றாம் மாடி வீடு. பால்கனி இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல். இந்த இருநூற்றைம்பது சதுர மீட்டர் மண்தான் எனக்கு மண். என் நெல்லிப்புதர், என் திராட்சைக்கொடி, என் உருளைக்கிழங்கு எல்லாம் இங்கேதான். இது போனால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். பயம்தான் வந்தது. ஒரு மரத்துக்காகத் தோட்டத்தையே விட நான் தயாராக இல்லை.

மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சீன நாணல் மூன்று தூர் வைக்கலாம் என்றேன். ஆளுயரத்துக்கு மேல் வளரும், நடைபாதையிலிருந்து மறைப்பாகவும் இருக்கும், சங்கமும் வாய் திறக்காது. இதற்குத்தான் கட்டக் காகிதம்.

“குளிர்காலத்துல மரம் பச்சையா இருக்கும்” என்று இடது பக்கம் ஒரு புள்ளி வைத்தான்.

“நீலமா இருக்கும். நாணல் குளிர்காலத்துல பொன்நிறமா நிக்கும். மேல பனி உறைஞ்சா எவ்ளோ அழகா இருக்கும் தெரியுமா?”

“செத்த வைக்கோல் அழகா? மார்ச்சுல அதையும் ஒரு சாண் விட்டு வெட்டிடணும். ஜூன் வரைக்கும் மறைப்பே இருக்காது. நாம காபி குடிக்கறத ஊரே பாக்கும்.”

“பாக்கட்டுமே. திருட்டுக் காபியா குடிக்கறோம்?”

“இலை ஓரம் கையைக் கிழிக்கும்.”

“உன் மரத்து ஊசி என்ன, தலையணையா? அதுக்கடியில ஏதாவது முளைச்சிருக்கா? போன வருஷம் அந்தப் பக்கத்துப் பாத்தியில எடுத்த உருளைக்கிழங்கைக் கோலிக்குண்டுன்னு பக்கத்துத் தோட்டத்துப் பேரன் எடுத்துட்டுப் போனான். நிழல், நிழல், நிழல்! மண்ணுல இருக்கற தண்ணியையெல்லாம் அதுவே உறிஞ்சுது. புயல் வந்தா குடில் மேல சாயுமோன்னு ராத்திரி எனக்குத் தூக்கம் வர்றதில்ல. நாணல் சாஞ்சா என்ன ஆகும்? பூ நசுங்கும்.”

“மரத்துல கரும்பறவை கூடு கட்டுது.”

“பெட்ஸோல்ட் அந்தக் கரும்பறவைக்கு நம்ம குத்தகையை எழுதிக் கொடுக்கப் போறாரு, பாத்துக்கோ.”

ஃபோல்க்மார் பேனாவை மூடினான். பிறகு இரண்டு கட்சிக்கும் பொருந்தாத அந்த வாக்கியத்தைச் சொன்னான். அதைச் சொல்லித்தான் எல்லா விவாதத்தையும் முடிப்பான்.

“அது மரைக்கேயோட மரம், ரோஸ்வித்தா.”

மரைக்கே எங்கள் மகள். அவளுடைய முதல் கிறிஸ்துமஸுக்குத் தொட்டியோடு வாங்கிய மரம் அது. பண்டிகை முடிந்ததும் தூக்கிப் போட மனம் வராமல் கொண்டுவந்து தோட்டத்தில் நட்டோம். எங்கள் ஊரில் எத்தனையோ குடும்பம் இதே முட்டாள்தனத்தைச் செய்திருக்கிறது. முழங்கால் உயர மரம், மேலே காகித நட்சத்திரம். அது ஒருநாள் கூரையைத் தாண்டும் என்று ஜனவரி மாதத்தில் யாருக்குத் தோன்றும்?

ப்ரெமன் நகரத்தில் இருக்கும் மரைக்கேக்குப் போன் போட்டேன். அவள் சொன்னால் கேட்பான் என்று நினைத்தேன்.

“வெட்டிடுங்கம்மா” என்றாள். “வருஷா வருஷம் அது பக்கத்துல நிக்க வெச்சு, யாரு உசரம்னு அப்பா அளந்து போட்டோ எடுப்பாரு. அந்த ஊசி கழுத்துல குத்தும். எட்டு வயசுக்கப்புறம் அதுதான் ஜெயிச்சுது. எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.”

ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். ஃபோல்க்மார் எல்லாவற்றையும் கேட்டான். “அவ இப்ப அப்படித்தான் சொல்லுவா” என்றுவிட்டு பூட்ஸை மாட்டிக்கொண்டு மரத்துக்குத் தண்ணீர் விடப் போனான். நவம்பர் மாதத்தில், மழையில்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் ஓர் ஆயுதம் இருந்தது. முப்பத்துமூன்று வருடமாக எடுக்காத ஆயுதம். அது மரைக்கேயின் மரமே இல்லை.

மரைக்கேயின் மரம் நட்ட இரண்டாம் மாதமே செத்துவிட்டது. தொட்டிக்குள் அடக்குவதற்காக வேரை நறுக்கியிருப்பார்கள், அதோடு சூடான கூடத்தில் மூன்று வாரம் நின்ற மரம், எப்படிப் பிழைக்கும்? மார்ச் முதல் வாரம் கையை வைத்தேன், ஊசிகள் பொலபொலவென்று கொட்டின. அது வேறு காலம். இரண்டு ஜெர்மனியும் ஒன்றான முதல் குளிர்காலம். ஃபோல்க்மாரின் அலுவலகத்தில் வாரம் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை தோறும் அவன் தோட்டத்துக்கு வந்து அந்தக் குட்டி மரத்தின் முன்னால் குந்திக்கொண்டு, “இதாவது பிடிச்சுக்கிட்டா போதும்” என்பான். பிடிக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? கைக்குழந்தையோடு சந்தைக்குப் போய் ஏறக்குறைய அதே உயரத்தில் ஒரு கன்று வாங்கினேன், செத்ததைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் வைத்தேன். பழையது ஈஸ்டருக்கு ஊரார் கூடி மூட்டும் நெருப்பில் போயிற்று. சந்தையில் பச்சை இல்லை, நீலம்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை அவன் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றபோது, “வெயில் பட்டா நிறம் மாறும்” என்றேன். அவன், “ஆமா” என்றான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இப்போது சொல்லிவிடலாமா என்று டிசம்பர் முழுக்க வாய்வரை வந்தது. விழுங்கினேன். ஜனவரியில் பெட்ஸோல்டிடமிருந்து இரண்டாம் கடிதம் வந்தது. விழுங்கினேன். பிப்ரவரி இருபதாம் தேதி, இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது, ஃபோல்க்மார் குடில் மேஜையில் மூன்று பக்கத்துக்கு ஒரு கணக்கை விரித்தான். மரத்தை நான்கு மீட்டரோடு தலையை வெட்டிவிட்டு அதை ‘தூண்’ என்று சங்கத்தில் பதிவு செய்ய முடியுமா என்பதற்கான கணக்கு.

“தூணா?” என்றேன்.

“விதியில தூணுக்குத் தடை இல்ல.”

எனக்குள் ஏதோ அறுந்தது. கத்தியிருப்பேன். ஆனால் மணி ஒன்றே கால். வேலிக்கு அப்பால் பெட்ஸோல்ட் மதிய அமைதியைக் காவல் காத்தபடி நடந்துகொண்டிருந்தார். என் வாழ்க்கையின் மிகப் பெரிய சண்டையை நான் கிசுகிசுத்துத்தான் போட வேண்டியிருந்தது.

“அது மரைக்கேயோட மரம் இல்ல” என்று கிசுகிசுத்தேன்.

அவன் காகிதத்திலிருந்து நிமிரவில்லை.

“காது கேக்குதா? அவ மரம் அந்த மார்ச்சுலயே செத்துப் போச்சு. நான்தான் வேற வாங்கி வெச்சேன். நீ இவ்ளோ வருஷமா அளந்தது, போட்டோ எடுத்தது, தண்ணி ஊத்தினது எல்லாம் சந்தையில வாங்கின ஏதோ ஒரு மரத்துக்கு!”

“தெரியும்” என்றான்.

“என்ன தெரியும்?”

“பச்சை மரம் நட்டேன். ஒரு சனிக்கிழமை வந்து பாத்தா நீல மரம் நிக்குது. நான் நிலம் அளக்கறவன் ரோஸ்வித்தா, குருடன் இல்ல. பத்து சென்டிமீட்டர் உசரம் வேற கூட.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

“அதுவும் போக, உன்னைப் பாத்தேன்” என்றான். “அன்னிக்குப் பாலத்துக்குப் பக்கத்துல ரோட்டை அளந்துட்டிருந்தோம். அந்தப் பழைய கருவியில எல்லாம் தலைகீழாத்தான் தெரியும். கண்ணை வெச்சுப் பாக்கறேன், நீ தலைகீழா வர்ற. ஒரு கையில குழந்தை. இன்னொரு கையால குழந்தை வண்டியைத் தள்ற. வண்டிக்குள்ள மரம், கழுத்து வரைக்கும் போர்வை போத்தி. சக்கரம் தண்டவாளத்துல மாட்டிக்கிச்சு. நீ டிராமைப் பாத்துத் திட்டற.”

“ஏன் வந்து உதவி பண்ணல?”

“வந்திருந்தா தெரிஞ்சுபோயிருக்குமே. நீ அவ்ளோ பாடுபட்டு மறைக்கற.”

“அப்ப அஞ்சு மாசமா மரைக்கேயோட மரம், மரைக்கேயோட மரம்னு என் உயிரை வாங்கினியே, அது எதுக்கு?” என் கிசுகிசுப்பு கீச்சென்று ஏறியது. வேலிக்கு அப்பால் பெட்ஸோல்ட் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“வேற என்னன்னு சொல்றது?” என்றான் ஃபோல்க்மார். “நான் வேலை போயிடும்னு பயந்துட்டிருந்தப்ப என் பொண்டாட்டி தள்ளிட்டு வந்த மரம், வெட்ட மாட்டேன்னு அந்த ஆளுகிட்ட சொல்லவா? உன்கிட்ட சொல்லவா?”

“என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

அழுகை வந்தது. கோபம்தான் அதிகம், ஆனால் வந்தது அழுகை. முப்பத்துமூன்று வருடம் நான் ஒளித்து வைத்ததாக நினைத்ததை அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். இத்தனை நாளும் அவன் யாருக்காக அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான் தாங்கவில்லை. அவன் கைக்குட்டையை நீட்டினான். அதுவும் கட்டம் போட்டதுதான்.

மூக்கைச் சிந்திக்கொண்டு, “அப்ப அது யாரு மரம்?” என்றேன்.

“உன் மரம்.”

“என் மரம்னா நான் சொல்றேன். வெட்டு. எனக்கு மரம் வேணாம், தோட்டம் வேணும். இங்க உக்காந்து உன்கூட இன்னும் இருபது வருஷம் சண்டை போடணும்.”

அவன் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தான். பிறகு மூன்று பக்கக் கணக்கையும் மடித்து அடுப்பில் போட்டான்.

“அப்ப சரி” என்றான்.

இருபத்தெட்டாம் தேதி, காலை பத்து மணிக்கு இரண்டு ஆட்கள் கயிற்றோடு வந்து, மரத்தில் ஏறி, மேலிருந்து துண்டு துண்டாக இறக்கினார்கள். ஒன்று அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது ரம்பம் நின்றது. பெட்ஸோல்ட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவரும் மனிதர்தான் போலிருக்கிறது. தெற்கு மூலையில் திடீரென்று வானம் வந்தது. ஃபோல்க்மார் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வாரம் காபி குடித்தான்.

ஏப்ரலில் நாணல் வந்தது. மூன்று தொட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிய காய்ந்த குச்சிகள்.

“மூணு பழைய துடைப்பத்தை வாங்கிட்டு வந்திருக்க” என்றான்.

“மே மாசம் பாரு.”

நூல் கட்டி, எண்பது சென்டிமீட்டர் இடைவெளியில் அவனே நட்டுக் கொடுத்தான். மே மாதக் கடைசிப் பனி போனபிறகு இடது தூரில் பச்சை முனை தெரிந்தது. இரண்டு நாளில் வலது தூரிலும் தெரிந்தது. நடுவில் இருந்த தூரில் ஒன்றும் இல்லை. தினமும் காலையில் போய்க் குனிந்து பார்த்தேன். ஊதிப் பார்த்தேன். வாய்விட்டுத் திட்டிக்கூடப் பார்த்தேன்.

“உன் கட்சியில ஒரு ஆள் காலி போலிருக்கு” என்றான் ஃபோல்க்மார்.

வேறு நாளாக இருந்தால் பதில் கொடுத்திருப்பேன். பதிமூன்று மீட்டர் மரத்தை இறக்க வைத்துவிட்டு அந்த இடத்தில் காய்ந்த துடைப்பத்தை நட்டவள் நான். எனக்குக் கண் கலங்கியது. அவன் பார்த்திருக்க வேண்டும். அதற்குப்பின் கேலி செய்யவில்லை.

ஜூன் முதல் வாரம் மரைக்கே வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தேன். ரயில் நிலையத்திலிருந்து நேரே தோட்டத்துக்குத்தான் போனேன். நடுத் தூரிலும் பச்சை வந்திருந்தது. மற்ற இரண்டின் உயரத்துக்கே வந்திருந்தது. நான் துள்ளாத குறை.

“பாத்தியா? நாணல்னா நாணல்! லேட்டா வந்தாலும் எப்படி எட்டிப் பிடிச்சிடுச்சு பாரு! உன் மரமா இருந்தா இந்நேரம் கருகியிருக்கும்.”

“ஆமா” என்றான். தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜூலையில் வெயில் கொளுத்தியது. அந்தப் பக்கத்துப் பாத்தியில் முதன்முறையாக உருளைக்கிழங்கு உருளைக்கிழங்கு அளவுக்கு விளைந்தது. ஒருநாள் காலையில் நாணல் பக்கம் போனேன். இடது தூர் மெல்லிய பச்சை இலை, நடுவில் வெள்ளைக் கோடு. வலது தூரும் அதேபோல். நடுத் தூரின் இலைகளில் குறுக்கே மஞ்சள் பட்டை. ஒவ்வொரு இலையிலும், ஒரு விரல் இடைவெளிக்கு ஒன்றாக, யாரோ தூரிகையால் தீற்றியதுபோல் பட்டை.

அந்த ஜாதியை எனக்குத் தெரியும். இளசாக இருக்கும்போது வெறும் பச்சையாகத்தான் இருக்கும், கடையில் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. வெயில் ஏற ஏறத்தான் பட்டை விழும். அப்படியே நின்றேன். பாவி மனுஷன்! நான் ப்ரெமனில் இருந்த அந்த வாரத்தில் வேறு தூர் வாங்கி, எண்பது சென்டிமீட்டரையும் சரியாக அளந்து வைத்திருக்கிறான்.

போய் உலுக்கிக் கேட்கலாம் என்று குடில் பக்கம் திரும்பினேன். அவன் வாசலில் காபிக் கோப்பையோடு நின்று நடுத் தூரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டை அவன் கண்ணிலும் இப்போதுதான் பட்டிருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவசரமாகக் காபியை உறிஞ்சினான். அது சுட்டுவிட்டது.

அந்த நேரம் பார்த்து பெட்ஸோல்ட் வர வேண்டுமா? ஆய்வு நாள். வேலியை அளந்தார், சரி என்றார். காய்கறிப் பாத்தியை எட்டிப் பார்த்தார், பேஷ் என்றார். பிறகு நாணலுக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்தார்.

“ஏம்மா, நடுவுல இருக்கறது வேற ஜாதி மாதிரி தெரியுதே?”

ஃபோல்க்மாரின் கையில் கோப்பை அசையாமல் நின்றது.

“இல்லையே” என்றேன். “மூணும் ஒரே கடையில, ஒரே நாள்ல வாங்கினது. வெயில் பட்டா நிறம் மாறும்.”

பெட்ஸோல்ட் ஃபோல்க்மாரைப் பார்த்தார்.

“ஆமா” என்றான் ஃபோல்க்மார்.